பாட்டுக்காகப் பகைத்துக்கொண்டவர்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் ஒரு சாமான் அறை உண்டு. திருவிழாக் குடைகள், பழைய பந்தல் துணி, அன்னதானத்துக்கான பெரிய அண்டாக்கள் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு தபலா ஜோடி வேட்டித் துணியில் சுற்றப்பட்டுக் கிடக்கிறது. 2018ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து அதை யாரும் வெளியே எடுக்கவில்லை. கல்கியைப் பற்றி எழுதுகிறேன் என்று இந்த மலரின் ஆசிரியர் குழுவிடம் நானாகப் போய்க் கேட்டதற்கு அந்தத் தபலாதான் காரணம்.

பண்டார் பாரு எங்கே இருக்கிறது என்று வளாகத்தில் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். கெடாவின் தென்கோடி அது. கிரியான் ஆற்றைத் தாண்டினால் பேராவின் பாரிட் புந்தார். பக்கத்தில் பினாங்கின் நிபோங் திபால். மூன்று மாநிலங்களும் கை கோத்து நிற்கும் இடம். ஒரு காலத்தில் பால்மரம், இப்போது செம்பனை. தோட்டத்தில் எஞ்சியிருக்கும் குடும்பங்கள் குறைவு. ஆனாலும் நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்திலும், பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் பேருந்து ஏறிய காலத்திலும், வெள்ளிக்கிழமை இரவு என்றால் கோவிலில் பஜனை நிச்சயம் நடக்கும். அப்பா ஆர்மோனியம். அவருடைய பால்ய நண்பர் தபலா; நான் மாமா என்று அழைப்பவர். இரண்டு அண்ணன்மார் பாடுவார்கள். ஜால்ரா என் பொறுப்பு. யாரும் முறையாகச் சங்கீதம் கற்றவர்கள் அல்லர். பகலில் குலை வெட்டியும் லாரி ஓட்டியும் களைத்தவர்கள், இரவில் ஆசைக்காகப் பாடினார்கள்.

2018 பொதுத்தேர்தல் வந்தது. அப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். தேநீர்க் கடையில் தொடங்கிய பேச்சு வாட்சாப்பில் முற்றியது. எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. ஓட்டுப் போட்ட வாரம் வெள்ளிக்கிழமை மாமா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஒருவர் வராவிட்டால் பஜனை நின்றுவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். நின்றுவிட்டது.

2022இல் பொன்னியின் செல்வன் திரைப்படம் வந்தபோது நம்மில் பலரைப் போல நானும் நாவலைத் தேடினேன். பாட்டியின் பெட்டியில் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்துக் கட்டிய பழைய தொகுப்பு இருந்தது. அதைப் படித்து முடித்தபின் எழுதியவரைப் பற்றி அறிய ஆசை வந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் சுந்தா எழுதிய பொன்னியின் புதல்வர் கிடைத்தது. வந்தியத்தேவனைத் தேடிப் போன நான் அங்கே வேறொருவரைக் கண்டேன்: கச்சேரிக் கிறுக்குப் பிடித்த ஒரு பத்திரிகைக்காரர், அரசியலாலும் மொழியாலும் நண்பர்களோடு மோதிக்கொண்டே இருந்தவர். கல்கியின் நாவல்களைப் பற்றி இம்மலரில் முன்பே பலர் எழுதியிருப்பார்கள். நான் இந்தக் கச்சேரிக் கல்கியைப் பற்றியே எழுதுகிறேன்.

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் மாயவரத்துக்கு அருகிலுள்ள புத்தமங்கலம் என்ற சிற்றூரில் பிறந்தார். அன்றைய தஞ்சை மாவட்டம். காவிரி பாயும் அந்தப் பகுதியில் நாகசுரமும் கதாகாலட்சேபமும் காற்றோடு கலந்தவை. திருச்சி தேசிய உயர்நிலைப்பள்ளியில் இறுதித் தேர்வு நெருங்கிய சமயத்தில், 1921இல், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டார். ஓராண்டு சிறை. ஏறக்குறைய நம் வயது. தேர்வு எழுதாமல் போவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது நமக்குத்தான் தெரியும்.

பிறகு திரு.வி.க.வின் நவசக்தியில் துணையாசிரியர் வேலை. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு மதுவிலக்குக்கான விமோசனம் இதழ். 1930இல் மறுபடி ஆறு மாதச் சிறை. ராஜாஜி அவருக்குத் தலைவர் மட்டுமல்லர். குரு, வழிகாட்டி, ஏறக்குறையத் தகப்பன். இந்த உறவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நேர்ந்த நன்மை தீமை இரண்டுக்கும் இதுதான் வேர்.

1930களின் தொடக்கத்தில் எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடனில் ஆசிரியப் பொறுப்பேற்றார். அங்கேதான் கச்சேரிக் கல்கி பிறந்தார். ஆடல் பாடல் என்ற பகுதியில், கர்நாடகம் என்ற புனைபெயரில், கச்சேரிகளையும் நாட்டியத்தையும் விமர்சித்தார். கர்நாடக சங்கீதத்தைக் குறிக்கும் பெயர். அதே சமயம் பழைய பஞ்சாங்கம் என்ற கேலிப் பொருளும் அதற்கு உண்டு. தன்னையே கிண்டல் செய்துகொண்டு மற்றவர்களைக் கிண்டல் செய்ய உரிமை வாங்கிக்கொண்டார் என்று தோன்றுகிறது. அதுவரை சங்கீதத்தைப் பற்றிப் பேசுவது பண்டிதர்களின் சொத்தாக இருந்தது. கல்கி அதைத் திண்ணைக்குக் கொண்டுவந்தார். எந்தப் பாட்டு எங்கே தூக்கிவிட்டது, எங்கே கொட்டாவி வந்தது என்பதையெல்லாம் ரசிகர்களில் ஒருவராக எழுதினார். வித்துவான்களுக்கு அவர்மேல் பயமும் இருந்தது, பிரியமும் இருந்தது.

சென்னையின் மார்கழி சங்கீத உலகம் அன்று ஒரு பெரிய நட்பு வட்டம். வழக்கறிஞர்கள், பத்திரிகைக்காரர்கள், அரசு அலுவலர்கள், வியாபாரிகள் என்று பலதரப்பட்டவர்கள்; பாட்டு யாருக்கும் பிழைப்பல்ல, ஆசை. மாலையில் சபாவில் கூடுவார்கள், இரவு வீடு திரும்பும்போது ராகத்தைப் பற்றி வாதாடுவார்கள். எங்கள் கோவில் பஜனையின் பணக்கார அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வட்டத்துக்கு அரசியலும் புதிதல்ல. 1927ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டிலிருந்துதான் மறுவருடம் சங்கீத வித்வத் சபை, அதாவது மியூசிக் அகாதமி, உருவாயிற்று. ஆகவே கல்கி பின்னர் எதிர்த்து எழுதிய இடம் அந்நியர்களின் கோட்டை அல்ல. தம்மைப் போலவே தேசிய உணர்வோடு வளர்ந்தவர்கள் நிறைந்த இடம்.

சண்டை எதைப் பற்றியது? கச்சேரியில் பாடப்படும் மொழியைப் பற்றியது. தியாகராஜர் திருவையாற்றில் காவிரிக் கரையில் வாழ்ந்தார், பாடியது தெலுங்கில். அவருடைய கீர்த்தனைகள் கச்சேரியின் உயிராக அமைந்தன. தீட்சிதரின் கிருதிகள் சமஸ்கிருதத்தில். தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் கச்சேரியின் கடைசியில், துக்கடாவாக வரும். அதற்குள் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி என்று தமிழில் பாடிய பெரியவர்கள் இருந்தும் இந்த நிலை.

1941ஆம் ஆண்டு ஆகஸ்டில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முன்முயற்சியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதன்மை வேண்டும் என்று அது கேட்டது. அதே ஆகஸ்டு மாதம் முதல் தேதியில்தான் கல்கி தம் பெயரிலேயே சொந்தப் பத்திரிகை தொடங்கியிருந்தார்.

விகடனை விட்டு அவர் ஏன் வந்தார் என்பதும் நம் பொருளைச் சேர்ந்ததே. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொள்ள விரும்பினார். பெரிய பத்திரிகையின் ஆசிரியர் சிறைக்குப் போவதை வாசன் விரும்பவில்லை. இருவரும் சேர்ந்துதான் விகடனைத் தமிழ்நாட்டின் வீட்டுப் பத்திரிகை ஆக்கியிருந்தார்கள். தியாகபூமி கதை விகடனில் வந்து, கே. சுப்ரமணியம் இயக்கிய படமாகி, அந்தப் படத்தை ஆங்கில அரசு தடைசெய்த நாள்களையும் ஒன்றாகக் கடந்தவர்கள். அப்படிப்பட்ட நட்பு இந்த ஒரு விஷயத்தில் பிளந்தது. வாசனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நூற்றுக்கணக்கானோர் சம்பளம் ஒரு பத்திரிகையை நம்பியிருக்கும்போது முதலாளியின் அச்சத்தையும் அச்சம் என்று தள்ளிவிட முடியாது. கல்கி மூன்று மாதம் சிறையிலிருந்து திரும்பினார். நண்பர் சதாசிவமும் உடன் வந்தார். சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி படத்தில் நாரதர் வேடமேற்று நடித்துப் பெற்ற பணமே புதிய பத்திரிகைக்கு முதலாயிற்று.

புதிய பத்திரிகை கையில் இருந்ததால் தமிழிசை வழக்குக்கு ஓயாத ஒரு வக்கீல் கிடைத்தார். வாரம்தோறும் எழுதினார். தியாகராஜர்மேல் அவருக்கு வெறுப்பே இல்லை. தெலுங்குக் கீர்த்தனையை விலக்கச் சொல்லவும் இல்லை. கேட்பவருக்குப் பொருள் புரிந்து உருகும் உரிமை உண்டு என்பதே அவர் வாதத்தின் சாரம். எதிர்த்தரப்பும் அறிவிலிகள் அல்லர். சங்கீதத்தின் தரத்தை மொழியை வைத்து அளக்கக் கூடாது என்றார்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் தெலுங்கர்களும் இருந்தார்கள். ஆந்திரம் பிரிந்தது 1953இல்தான். பாட்டில் மொழிச் சண்டை நுழைந்தால் எங்கே போய் முடியும் என்ற பயம் அவர்களுக்கு. 1941 டிசம்பரில் மியூசிக் அகாதமி, மொழி பற்றிய எண்ணம் சங்கீதத்தின் உயர்தரத்தைக் குறைத்துவிடக் கூடாது என்னும் கருத்தில் தீர்மானம் போட்டது. அதே டிசம்பரில்தான் ஜப்பானியப் படை நம் கெடாவின் ஜித்ராவைப் பிடித்தது. கடலின் ஒரு கரையில் எந்த மொழியில் பாடுவது என்ற போர். மறுகரையில் எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் எங்கே ஒளிவது என்று தெரியாமல் நின்றார்கள். தேதிகளை ஒப்பிட்டபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன்.

அணி பிரிந்த விதம்தான் எனக்கு மிகவும் வியப்பு. அண்ணாமலைச் செட்டியார் குடும்பம் நீதிக்கட்சியைச் சார்ந்தது. ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அப்படியே. காங்கிரஸ்காரரான கல்கி, 1937 தேர்தலில் எதிரணியாக இருந்த இவர்களோடு இப்போது ஒரே மேடையில். ராஜாஜியும் ரசிகமணி டி.கே.சி.யும் தமிழிசையை ஆதரித்தார்கள். பெரியாரும் தம் வழியில் ஆதரித்தார். கடவுளைப் பாடும் பாட்டில் கடவுளை விட்டுவிட்டுத் தமிழை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்பதில் மட்டும் கல்கியும் பெரியாரும் ஒத்துப்போக வழியில்லை! எதிர்ப்பக்கம் நின்றவர்களோ கல்கி அருகில் அமர்ந்து தலையாட்டிய சபா நண்பர்கள், அவர் எழுத்தால் புகழடைந்த வித்துவான்கள், ஒரே கட்சிக்காரர்கள், ஒரே சாதிக்காரர்கள். சொந்தக் கூட்டத்துக்கு எதிராகப் பேசுகிறவனுக்கு நேரும் வசவு அவருக்கும் நேர்ந்தது.

இப்படிச் சொல்வதால் அவரை அப்பழுக்கற்றவர் ஆக்கிவிட நான் விரும்பவில்லை. மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1938இல், ராஜாஜியின் அமைச்சரவை 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. பெரியார் உட்பட ஏராளமானோர் சிறைப்பட்டார்கள். 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தின்போது இறந்தார்கள். 1940இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அப்போது கல்கி நின்றது ராஜாஜியின் பக்கம். பாட்டில் தமிழுக்கு முதலிடம் கேட்ட மனிதர், பள்ளிக்கூடத்தில் தமிழுக்காக அழுதவர்களின் வலியை ஏன் உணரவில்லை? குரு பக்தி கண்ணை மறைத்தது என்பதுதான் என் கணிப்பு. 1942இல் ராஜாஜி வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஏற்காமல் காங்கிரஸை விட்டு விலகியபோதும் கல்கி அவரோடு நின்றார். சிறைக்குப் போன பழைய தோழர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். முதலாவது வெறும் விசுவாசம். இரண்டாவதில் விசுவாசத்தோடு தைரியமும் இருந்தது. இரண்டையும் ஒரே தராசில் போட என்னால் முடியவில்லை.

அவருடைய பேனா கூர்மையானது. கேலி செய்யும்போது எதிரில் இருப்பவர் நண்பர் என்பதை அது பார்க்காது. 1930களின் நடுவில் பாரதியார் மகாகவியா என்ற விவாதம் எழுந்தது. உலகப் பெருங்கவிகளின் வரிசையில் பாரதியை வைக்கக் கல்கி தயங்கினார். வ.ரா. கொதித்தார். கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் மறுத்து எழுதிய கட்டுரைகள் கண்ணன் என் கவி என்ற நூலாயின. மணிக்கொடி எழுத்தாளர்களுக்கும் கல்கிக்கும் நடுவே விழுந்த கோடு கடைசிவரை முழுதாக அழியவில்லை. இன்றும் தீவிர இலக்கியம் பேசுகிறவர்கள் கல்கி பெயரைக் கேட்டதும் உதட்டைச் சுழிப்பதில் அந்தப் பழைய சண்டையின் மிச்சமும் கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் அதன் பிறகு அவர் செய்ததைப் பாருங்கள். பாரதி பிறந்த எட்டயபுரத்தில் நினைவு மண்டபம் கட்ட வேண்டும் என்று தம் பத்திரிகை வழியே வாசகர்களிடம் நிதி திரட்டினார். 1945இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 அக்டோபரில், நாடு விடுதலை பெற்ற இரண்டாம் மாதம், அவரே வந்து திறந்துவைத்தார். மகாகவி இல்லை என்று தயங்கியவராகப் பேர் வாங்கியவர்தான் மண்டபத்தை எழுப்பினார். தோற்றுவிட்டேன் என்று அவர் எழுதியிருந்தால் எதிரிகளுக்கு ஒருநாள் மகிழ்ச்சி. மண்டபம் இன்றும் நிற்கிறது.

இன்னொன்று. 1940களில் அறிஞர் அண்ணாவின் ஓர் இரவு நாடகத்தைப் பார்த்தார். அண்ணா அரசியலில் நேர் எதிரணி. பிராமணர்களையும் ராஜாஜியையும் மேடைக்கு மேடை தாக்கியவர். கல்கி நாடகத்தை மனமாரப் பாராட்டினார். பெர்னார்ட் ஷாவோடு ஒப்பிட்டார். ரசிகனுக்குக் கட்சி கிடையாது என்று சொல்லிக்கொள்வது எளிது, அதை எதிரியின் நாடகத்துக்கு அச்சில் செய்து காட்டுவது வேறு. எங்கள் தோட்டத்தில் யாராவது அப்படிச் செய்திருந்தால் தபலா வெளியே இருந்திருக்கும்.

தமிழிசைக்கு வருவோம். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து மார்கழிக்கு இரண்டு முகங்கள்: அகாதமியில் ஒரு விழா, தமிழிசைச் சங்கத்தில் ஒரு விழா. ஒன்றாகக் கேட்டவர்கள் தனித்தனி மண்டபங்களில் கேட்கத் தொடங்கினார்கள். சங்கத்துக்கு 1952இல் ராஜா அண்ணாமலை மன்றம் கிடைத்தது. பண்ணாராய்ச்சி வளர்ந்தது. பாபநாசம் சிவனின் பாட்டுகள் கச்சேரியின் நடுப்பகுதிக்கு நகர்ந்தன. அகாதமியும் அசையாமல் நிற்கவில்லை. 1968இல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும் 1971இல் பாபநாசம் சிவனுக்கும் சங்கீத கலாநிதி பட்டம் தந்தது. எம்.எஸ். தமிழிசை அணியின் குரல். சிவன் தமிழில் பாட்டுக் கட்டியவர். இவற்றைப் பார்க்கக் கல்கி இல்லை.

சண்டைக்கு நடுவிலும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை என்பதுதான் என்னைக் கவர்ந்தது. பாட்டு கேட்கப் போனார், நன்றாயிருந்தால் நன்று என்றே எழுதினார். குற்றாலத்தில் டி.கே.சி. வீட்டில் கம்பன் பாடல்களைக் கேட்டுப் பொழுது போக்கினார். வாதத்தோடு நிற்காமல் பாட்டும் எழுதினார். 1945இல் வெளிவந்த மீரா படத்துக்காக அவர் எழுதிய, காற்றினிலே வரும் கீதம் என்று தொடங்கும் பாடல் எம்.எஸ். குரலில் கடல் தாண்டி மலாயாவுக்கும் வந்தது. என் பாட்டிக்கு அதை எழுதியவர் கல்கி என்று தெரியாது. ஆனால் பாட்டு முழுதும் தெரியும். எங்கள் வெள்ளிக்கிழமை பஜனை அதில்தான் முடியும். கண்ணன் பாட்டு என்பதால் மாரியம்மன் கோவிலில் பாடலாமா என்று ஒருமுறை ஒரு தாத்தா ஆட்சேபித்தார். மாமாதான் அவரைச் சமாதானம் செய்தார்.

1954 பிப்ரவரியில் டி.கே.சி. மறைந்தார். அதே ஆண்டில் பொன்னியின் செல்வன் முடிந்தது. டிசம்பர் 5ஆம் நாள் கல்கி காலமானார், வயது 55. எழுதிக்கொண்டிருந்த அமரதாராவை மகள் ஆனந்தி முடித்தார். 1956இல் அலை ஓசைக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அவர் கண்மூடியது மார்கழி பிறக்கச் சில நாள்களே இருந்தபோது. அந்த ஆண்டும் சென்னையில் இரண்டு விழாக்களும் தனித்தனியே நடந்தன.

இக்கட்டுரையை எழுதி முடிக்கும் முன் ஒரு வார விடுமுறையில் ஊருக்குப் போனேன். கோவில் சாவி அப்பாவிடம்தான் இருக்கிறது. எதற்கு என்று கேட்டார், சொன்னேன். சிறிது நேரம் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்தார். தபலாவின் வலந்தலைத் தோல் கிழிந்திருந்தது. எலியின் வேலையாக இருக்கலாம். மோட்டார் சைக்கிளில் வைத்து மாமா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தை மைலோ கலக்கிக் கொடுத்தார். மாமா துணியைப் பிரித்து, இரண்டையும் மடியில் வைத்து, நல்ல தோல் இருந்த பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார். புதுத் தோல் போடப் பினாங்குக்குத்தான் போக வேண்டும் என்றார். பிறகு, அப்பா இன்னும் அதே கட்டையில்தான் வாசிக்கிறாரா என்று கேட்டார். வாசிப்பதே இல்லை என்று சொன்னேன். தோல் போட்டதும் சொல்கிறேன், வந்து எடுத்துப் போ என்றார்.